கல்லாச் சாவியும் ரவுட்டர் சாவியும்

தா.பழூர் கடைவீதியில் நம் சங்க உறுப்பினர்களில் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "கடை இங்கே இருக்கிறது, குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது, பையன் ஜெயங்கொண்டத்தில் கிளை போட்டிருக்கிறான். மூன்று இடத்துக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க வி.பி.என். ரவுட்டர் போடச் சொல்கிறார்கள். எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அது நமக்குத் தேவைதானா என்பது முதற்கேள்வி. அதன் சாவி யார் கையில் இருக்கப் போகிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பெட்டியின் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நம் கருத்து.

கொள்ளிடத்தின் குறுக்கே மதனத்தூர் - நீலத்தநல்லூர் பாலம் வந்த பிறகு கும்பகோணத்து மொத்த வியாபாரம் நமக்குப் பக்கத்து வீடு போலாகிவிட்டது. ஓரிடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்த குடும்பங்கள் இன்று இரண்டு மூன்று ஊர்களில் கடை வைத்திருக்கின்றன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கணக்கு என்பது கம்ப்யூட்டர் கணக்கு என்றே ஆகிவிட்டது. ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலுக்கு வந்ததில் வியப்பில்லை.

வி.பி.என். என்றால் என்ன? பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் கிளைக்கடைச் சிட்டையைக் காகித உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். பஸ் பொதுவானது, சாலை பொதுவானது. ஆனால் உறைக்குள் இருப்பது நமக்கும் நம் கணக்குப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். இன்டர்நெட் என்பது அந்தப் பொதுச் சாலை. இரு முனையிலும் உட்கார்ந்து உறையை ஒட்டுவதும் பிரிப்பதும் வி.பி.என். ரவுட்டரின் வேலை. இது ஒழுங்காக அமைந்துவிட்டால் ஜெயங்கொண்டத்துக் கம்ப்யூட்டர் தா.பழூர்க் கடையின் மேசையிலேயே இருப்பது போல வேலை செய்யும்.

ஒரே கடை, ஒரே பில்லிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இது வேண்டியதில்லை. யு.பி.ஐ. பணம் வந்ததும் குரல் கொடுக்கிற பெட்டிக்கு அதற்குள்ளேயே சிம் இருக்கிறது. உரக்கடை வைத்திருப்போரின் பி.ஓ.எஸ். கருவிக்கும் நம் ரவுட்டருக்கும் சம்பந்தம் இல்லை. கடையும் குடோனும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தால் ஒரு கேபிள் இழுத்தால் தீர்ந்தது. இவர்களிடமெல்லாம் வி.பி.என். ரவுட்டரை விற்க வருபவரிடம் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னதை நினைத்துக்கொண்டு கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். தனித்தனி ஊரில் அல்லது தனித்தனி லைனில் இரண்டு இடமாவது இருந்து, அன்றாட இருப்பை இரு பக்கமும் பார்த்தே பில் போட வேண்டியிருப்பவருக்குத்தான் இது. கடையில் ஐம்பது மூட்டைக்குப் பில் போட்டுவிட்டு, குடோனுக்குப் போன் செய்தால் முப்பதுதான் இருக்கிறது என்று பதில் வரும் சங்கடம் மொத்த வியாபாரிகளுக்குத் தெரியும்.

தேவையுள்ளவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கவலை தருகிறது. செலவைக் குறைக்க, லைன் போட வரும் தம்பியிடம் சொல்லி, வெளியிலிருந்து கடைக் கம்ப்யூட்டரை நேராகத் திறக்க ரவுட்டரில் ஒரு வழி விட்டுவிடுகிறார்கள். 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று அதற்குப் பெயர். வீட்டிலிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டர் தெரியும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நமக்குத் திறக்கும் அந்தக் கதவு ஊருக்கே திறந்திருக்கிறது. எங்கெங்கே இப்படிக் கதவு திறந்திருக்கிறது என்று உலகம் முழுவதும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் உண்டு. கணக்கையெல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் கும்பல்கள் உள்ளே நுழையும் முக்கிய வழிகளில் ஒன்று இப்படித் திறந்து கிடக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப்'தான். கேமராப் பெட்டிக்கும் இதே கதிதான். 2016இல் 'மிராய்' என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பல நாடுகளில் பிடித்துத் தன் படையாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே மணிக்கணக்கில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தம் வீட்டுக் கேமரா அந்தக் காரியத்துக்குப் போனதே தெரியாது.

ஆகவே இரண்டு இடம் இருப்பவர்கள் வி.பி.என். போடுவதே முறை. கதவைத் திறந்து வைப்பதை விட உறைக்குள் வைத்து அனுப்புவது நல்லது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இங்கே சிலர், "வி.பி.என்.னை அரசாங்கம் தடை செய்துவிட்டதாமே?" என்று கேட்கிறார்கள். அப்படியில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பொதுமக்களுக்கு வி.பி.என். சேவையை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி முதலான விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. அதற்கு உடன்படாத சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. அச்செய்திதான் இப்படித் திரிந்து நம் கடைவீதிக்கு வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் தன் சொந்த இடங்களை இணைத்துக்கொள்ளும் வி.பி.என்.னுக்கு அந்த விதி பொருந்தாது என்று செர்ட்-இன் பின்னர் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கத்திலேயே தெளிவாக்கியிருக்கிறது. நாம் பேசுவது அந்த இரண்டாவது வகை.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஆனால் பெட்டிக்கு முன் லைன் வருகிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். வி.பி.என். இணைப்பில் ஒரு முனையாவது வெளியிலிருந்து தேடி வரக்கூடிய முகவரியோடு இருக்க வேண்டும். பழைய முறையில் உலகத்துக்கே ஏறத்தாழ 430 கோடி ஐ.பி. முகவரிகள்தான் உண்டு. ஆசிய-பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் லைன் கொடுக்கும் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்தது போன்றது இது. உள்ளேயிருந்து கடிதம் போடலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் கடிதம் எந்த வீட்டுக்கு என்று தபால்காரருக்குத் தெரியாது. சிம் போட்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் இதே நிலைதான். பைபர் லைன்களிலும் இது உண்டு.

ரவுட்டர் வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்து, நாள் முழுவதும் முயன்றும் இணைப்பு வராமல் 'பெட்டி சரியில்லை' என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆகவே தலைமைக் கடைக்கு லைன் கொடுப்பவரிடம், "எனக்கு மாறாத பொது ஐ.பி. முகவரி தருவீர்களா, வருடத்துக்கு எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஒரு முனைக்கு இருந்தால் போதும். கிளைகள் அதைத் தேடி வந்து சேர்ந்துகொள்ளும். எந்த முனைக்கும் கிடைக்கவில்லை என்றால் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற, நடுவில் ஒரு நிறுவனத்தின் துணையோடு இணையும் முறைகள் உண்டு. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. இணைப்பை ஏற்படுத்தித் தரும் வேலையில் இன்னொருவரும் பங்காளியாகிறார் என்பதை மட்டும் தெரிந்து செய்ய வேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம். தலைமைக் கடையிலும் கிளையிலும் உள் முகவரிகள் வேறு வேறாக இருக்க வேண்டும். கடையில் 192.168.1 என்று தொடங்கினால் கிளையில் 192.168.5 என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்த விலை ரவுட்டரும் குழம்பும்.

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பக் கூடாது. 'வி.பி.என். பாஸ் த்ரூ' என்று போட்டிருந்தால், வேறொன்று அமைத்த வி.பி.என்.னைத் தன் வழியாகப் போக விடும் என்று மட்டுமே பொருள், தானாக அமைக்காது. வீட்டு உபயோக ரவுட்டர்கள் பலவற்றில் இதுதான் இருக்கும். ஐபிசெக், ஓபன் வி.பி.என்., வயர்கார்டு ஆகியவற்றில் ஒன்றை அந்த ரவுட்டரே அமைக்குமா என்று கேளுங்கள். வயர்கார்டு புதியது, 2020 மார்ச்சில் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது, அமைப்பதும் சுலபம். பி.பி.டி.பி. என்ற பழைய முறையை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அதன் பூட்டை உடைக்கும் வழியை 2012லேயே பகிரங்கமாகக் காட்டிவிட்டார்கள். ஆப்பிள் நிறுவனம் 2016இல் தன் போன்களிலிருந்து அதை எடுத்தே விட்டது. ஆனாலும் 'சுலபமாக இருக்கிறது' என்று இன்றும் அதைப் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 'கிகாபிட்' என்று போட்டிருப்பது கேபிள் சொருகும் துளையின் வேகம். உறை போட்டு அனுப்பும் வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பில் போடுவதற்கும் இருப்புப் பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும்.

கம்பெனி எது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். டிபி-லிங்க், மைக்ரோடிக் போன்றவற்றில் சிறு வியாபாரத்துக்கான ரவுட்டர்கள் உண்டு. பெரிய பெயர்தான் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். சிஸ்கோவை விடப் பெரிய பெயர் இத்துறையில் எத்தனை இருக்கின்றன? அதன் ஆர்.வி.110டபிள்யூ, ஆர்.வி.130, ஆர்.வி.130டபிள்யூ, ஆர்.வி.215டபிள்யூ என்ற மாடல்கள் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கென்றே விற்கப்பட்ட வி.பி.என். ரவுட்டர்கள். 2022 செப்டம்பரில் அவற்றின் வி.பி.என். பகுதியிலேயே, சாவியில்லாமல் நுழையக் கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அவை ஆயுள் முடிந்த மாடல்கள், ஆகவே அந்த ஓட்டையைச் சரிசெய்ய மாட்டோம், புதிய மாடலுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் பூட்டு போய்விட்டது.

2018 மே மாதத்தில் 'வி.பி.என். ஃபில்டர்' என்ற வைரஸ் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் இணையக் கருவிகளிலும் புகுந்திருப்பது தெரியவந்தது. லிங்க்ஸிஸ், நெட்கியர், மைக்ரோடிக், டிபி-லிங்க் என்று பல கம்பெனிகளின் மாடல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. டிபி-லிங்கின் ஆர்600வி.பி.என். என்ற, சிறு அலுவலகங்களுக்கான மாடலும் அதில் ஒன்று. எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் ஓட்டை வரும். வந்ததும் அடைத்துத் தருகிறார்களா, இன்னும் எத்தனை ஆண்டுக்கு அடைத்துத் தருவார்கள், அதை நம் கடையில் வந்து போட்டுக் கொடுப்பது யார் என்பவையே கேட்க வேண்டியவை. ஆகவே கழித்துக் கட்டும் விலையில் வரும் பழைய மாடலையும், கம்பெனிகள் கழித்துப் போட்ட இரண்டாம் கைப் பெட்டியையும் வாங்கும் முன், அந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள். கடைசி அப்டேட் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது சாவிக்கு வருவோம். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினோம்.

சில மாதங்களுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் கடைக்குப் போயிருந்தபோது, "ரவுட்டர் பாஸ்வேர்டு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டோம். "அது நமக்கெதற்கு? போட்ட தம்பிக்குத் தெரியும்" என்றார். அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். நல்ல பிள்ளைதான், ஒளிக்காமல் சொன்னான். தான் போட்டுக் கொடுத்த கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறானாம். இருபது கடைக்கு மேல் இருக்கும் என்றான். இருபது கல்லாவுக்கு ஒரே சாவி, அதுவும் இருபது முதலாளிகளில் ஒருவர் கையிலும் இல்லை. கல்லாச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு சாப்பிடப் போகிறவர்கள் நாம். கணக்குப் புத்தகத்தைப் பங்காளிக்கும் காட்டாதவர்கள் நாம். கொள்முதல் விலை, யாருக்கு எவ்வளவு கடன், யார் எத்தனை மாதம் நிலுவை என்ற அத்தனையும் இருக்கும் அறையின் சாவியை மட்டும் ஊரார் கையில் விட்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. நாளை அவன் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்டால் ரவுட்டரைத் தொட்டுப் பார்க்கக்கூட நமக்கு வழியில்லை என்பதைத்தான் சொல்கிறோம். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜூலையை நினைவூட்டலாம். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களில், கம்பெனி வைத்து அனுப்பிய 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை வைரஸுக்கு இரையாயின. எல்லோரும் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்நிறுவனமே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது.

ரவுட்டர் போட்டு முடிந்ததும், பணம் கொடுக்கும் முன், தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து நாமே புது பாஸ்வேர்டு போட வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் பீரோவில் வைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியிலிருந்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்துவிடச் சொல்ல வேண்டும். தம்பி பிறகு வந்து வேலை செய்ய வேண்டுமானால் கடைக்கு வந்து செய்யட்டும். வருகைக்குக் கூலி கொடுப்போம். கூலி கொடுக்க மனமில்லாமல்தான் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டேலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வி.பி.என். வந்துவிட்டது என்று கிளையிலிருந்து தலைமைக் கடையின் டேட்டா ஃபோல்டரை நேராகத் திறந்து வேலை செய்யாதீர்கள். கடைக்குள் ஓடும் கேபிளில் அது சரி. ஊர் விட்டு ஊர் வரும் லைனில் நத்தை போல நகரும், நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடவும் கூடும். வி.பி.என். வழியாக வந்து, தலைமைக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையையே திறந்து பதிவு போடுவது உத்தமம். அதோடு, கிளையிலிருந்து வருபவருக்கு அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தால் போதும். எல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி விட்டால், ஜெயங்கொண்டத்தில் பையன் பென் டிரைவில் கொண்டுவரும் வைரஸ் அதே உறைக்குள் பத்திரமாக உட்கார்ந்து தா.பழூர் வந்து சேரும்.

வி.பி.என். காப்பு நகல் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்குக் காப்பு நகல் வைத்திருப்பதும் விதியிலேயே இருக்கிறது. அதிகாரி வந்து கேட்கும்போது 'வைரஸ் தின்றுவிட்டது' என்று சொல்லி நிற்க முடியாது. வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கழற்றி, வீட்டில் வைக்க வேண்டும். சொருகியபடியே விட்டால் கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் போகும்.

இவ்வளவும் தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்வது கடினம் என்பது நமக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர் பருப்பு விலையைப் பார்ப்பாரா, ரவுட்டர் அப்டேட்டைப் பார்ப்பாரா? மாதாமாதம் வாடகை கட்டி இணையத்திலேயே இயங்கும் பில்லிங் மென்பொருளுக்குப் போய்விடலாமே என்று இளையவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு அது பொருந்தும், வி.பி.என். தலைவலியே இராது. ஆனால் வாடகை நின்றால் நம் பழைய கணக்கை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கணக்கு நம் கடையிலேயே இருக்கட்டும் என்று எண்ணுகிறவர்களுக்காகச் சங்கம் இதில் இறங்க வேண்டும் என்பது நம் யோசனை.

தேவையுள்ள பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே மாடலை வாங்கினால் விலை பேசலாம். அதே மாடலில் ஒரு பெட்டியைச் சங்க அலுவலகத்தில் உபரியாக வைத்துக்கொண்டால், இடி மழையில் ஒருவர் ரவுட்டர் போனாலும் அன்றே மாற்றிவிடலாம். ஒரு டெக்னீஷியனுக்கு ஆண்டுக் கட்டணம் பேசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை கடையாக வந்து அப்டேட் போட்டுக் கொடுக்கச் செய்யலாம். பாஸ்வேர்டு மட்டும் ஒவ்வொரு கடைக்கும் வேறு. அது கடைக்காரர் கையில். சங்கத்திடமும் வேண்டாம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை வைக்கவிருக்கிறோம். வருகிறவர்கள் தங்கள் ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வரவும். லைன் யாருடையது, பொது ஐ.பி. முகவரி உண்டா என்பதையும் கேட்டு எழுதி வந்தால் அங்கேயே பட்டியல் போட்டுவிடலாம். பாஸ்வேர்டை மட்டும் எழுதி வர வேண்டாம்.